எது அழுக்கு, எது படம்

கத்திச் சண்டைப் படத்தைச் சுத்தம் செய்கிறவனுக்கு முதல் தலைவலி கத்திதான். பழைய படத்தின் தூசியை எடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் அதற்கு முந்தியதோடும் பிந்தியதோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். முன்னாலும் இல்லாமல், பின்னாலும் இல்லாமல், நடுவில் ஒரே ஒரு பிரேமில் மட்டும் ஏதாவது தட்டுப்பட்டால் அதைத் தூசி என்று முடிவுகட்டிவிடும். பக்கத்துப் பிரேமிலிருந்து அந்த இடத்தை எடுத்து மேலே ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தூசி அப்படித்தான் விழும் என்பது உண்மை. நொடிக்கு 24 பிரேம் ஓடுகிற படத்தில் ஒரு துகள் ஒரு பிரேமில் உட்காரும், அடுத்ததில் இருக்காது. ஆனால் வேகமாகச் சுழற்றிய வாளின் நுனியும் அப்படித்தான். பறக்கும் அம்பும், வாளோடு வாள் உரசித் தெறிக்கும் பொறியும், கப்பலின் பக்கவாட்டில் மோதிச் சிதறும் அலைத்துளியும், குதிரைக் குளம்பு கிளப்பும் மண்ணும் அப்படித்தான்.

குடும்பப் படம் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், ஒருவர் அழுவார். ராத்திரி மென்பொருளை ஓடவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். சாகசப் படத்தில் அந்தச் சொகுசு கிடையாது.

சென்னையில் பழைய படங்களை மீட்கும் எங்கள் கூடத்துக்கு வெளிநாட்டுப் படங்கள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கடற்கொள்ளையர் படமும் வந்தது. டி.வி.டி.யாகப் போடுவதற்கான வேலை. ராத்திரி ஷிப்டில் தானியங்கிச் சுத்தம் முடிந்து, மறுநாள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தோம். விழுப்புரம் பக்கத்துப் பெண், வேலைக்குப் புதிது. ஒரே சண்டையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து, "சார், இவரு கத்தி மட்டும் அப்பப்ப சின்னதாயிடுது சார்" என்றாள். போய்ப் பார்த்தேன். கதாநாயகன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே வெட்டுகிறான். ஒரு பிரேமில் முழு வாள். அடுத்ததில் கைப்பிடியிலிருந்து முக்கால் வாள்தான், நுனி இருந்த இடத்தில் சுவர். அதற்கடுத்ததில் மறுபடி முழு வாள். படமாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாது, வீச்சில் ஏதோ வேகம் குறைந்த மாதிரி மட்டும் இருக்கும். நிறுத்திப் பார்த்தால் அம்பலம்.

வீட்டில் பார்க்கிறவன் நிறுத்துவான். தியேட்டருக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இதில் அடங்கிவிடும். தியேட்டரில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், இருட்டில் ஐநூறு பேர் விசில் அடிப்பார்கள். வீட்டில் ரிமோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், தனக்குப் பிடித்த சண்டையை நூறு முறை பார்த்தவர். எங்கள் தொழிலின் கடைசி நீதிபதி அவர்தான். அந்தச் சண்டை முழுவதிலும் மென்பொருள் செய்த வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, மூலத்திலிருந்து பிரேம் பிரேமாகக் கையால் செய்தோம்.

நான் இந்தத் தொழிலுக்குக் கம்ப்யூட்டர் வழியாக வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கோடம்பாக்கத்தில் நெகட்டிவ் கட்டிங் அறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். வெள்ளைப் பருத்திக் கையுறை, கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு, இரண்டு பக்கமும் ரிவைண்டர். எடிட்டர் பாசிட்டிவில் வெட்டி முடித்ததும் பிலிம் ஓரத்து எண்களைப் பார்த்து நெகட்டிவை அதே இடத்தில் வெட்டி சிமெண்ட் வைத்து ஒட்டவேண்டும். இங்கே கத்தரி தவறினால் திரும்ப ஒட்ட வழியில்லை. சி.டி.சி. என்ற நச்சுத் திரவத்தில் வெல்வெட் துணியை நனைத்து நெகட்டிவைத் துடைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம், பிலிமுக்காகப் பாதி, நம் நெஞ்சுக்காகப் பாதி. நெகட்டிவ் என்றால் சாமி என்று பழக்கிவிட்ட அறை அது.

அந்த அறையிலிருந்து வீடியோ பக்கம் போனபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி சாதாரணமானதல்ல. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கேசட் போகும். அதற்கு யாரும் நெகட்டிவைத் தொடமாட்டார்கள். சி சென்டர் வரை ஓடித் தேய்ந்த பிரிண்ட் ஒன்று பெட்டியில் வரும். அதை டெலிசினியில் ஓட்டி டேப்பில் ஏற்றிவிடுவார்கள். படம் முழுக்கக் கீறல் மழை பெய்யும். ரீல் மாறும் இடங்களில் நாலைந்து வசனம் காணாமல் போயிருக்கும், ஊருக்கு ஊர் ஆபரேட்டர் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டியதன் பலன். நொடிக்கு 24 பிரேம் படத்தை 25 பிரேம் டி.வி. முறைக்கு அப்படியே ஓட்டியதால் எல்லாம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடும், குரலும் அந்த அளவுக்கு ஏறும். எம்.ஜி.ஆரின் குரல் மெலிந்துவிட்டதாக ரசிகர்கள் சொன்னால் அதில் கற்பனை ஒன்றும் இல்லை.

வி.சி.டி. காலத்தில் ஒரு படம் இரண்டு தட்டுகளில் பிரிந்து வந்தது. பிறகு டி.வி.டி. சில ஆண்டு கழித்து மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்ததும் மளிகைக்கடை வரை படம் வந்துசேர்ந்தது. மக்களுக்கு நல்லதுதான், நானும் வாங்கினேன். ஆனால் 34 ரூபாய்த் தட்டில் நெகட்டிவை எடுத்து ஸ்கேன் செய்யும் செலவுக்கு எங்கே இடம்? பீட்டாகாம் டேப்பில் எது கிடக்கிறதோ அதுவே மாஸ்டர். தமிழில் சாகசப் படத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஜெமினியின் 'சந்திரலேகா' 1948-லேயே நாட்டைக் கலக்கியது. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் முழு வண்ணத்தில் வந்தது. இந்த வரிசையை ஒழுங்காகத் தட்டில் பார்க்க ஆசைப்பட்ட தமிழனுக்கு வாய்த்தது மழையும் மங்கலும்தான்.

இதே சமயத்தில் வெளிநாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தட்டு வழியாகத்தான் தெரிந்தது. 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' 1938-ல் வந்த படம், எரால் பிளின் நடித்தது. அதன் இரட்டைத் தட்டு டி.வி.டி. 2003-ல் வார்னரிடமிருந்து வந்தது. எங்கள் கூடத்தில் யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்து டெக்னிகலர் கேமராவுக்குள் மூன்று பிலிம் சுருள் ஓடும். உள்ளே இருக்கும் பட்டகம் வெளிச்சத்தைப் பிரித்துச் சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனிக் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் பதியவைக்கும். வண்ணச் சாயம் நெகட்டிவில் இல்லவே இல்லை, அதனால் வெளுத்துப்போகவும் வழியில்லை. இந்த விஷயத்தில் நம் ஈஸ்ட்மென்கலர் படங்களைவிட அவை கொடுத்துவைத்தவை. ஆனால் 60 ஆண்டில் மூன்று சுருளும் மூன்று அளவில் சுருங்கியிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது, முகத்தின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கோடு தெரியும். வார்னர்காரர்கள் மூன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து, கணினியில் இழுத்துப் பொருத்தினார்கள்.

ஷெர்வுட் காட்டுக் காட்சிகளை நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நின்றது. என்னுடைய மூத்த சகா ஒருவர், பிரிண்டிங் பிரிவில் காலம் தள்ளியவர், "1938-ல தியேட்டர்ல பாத்தவனுக்குக்கூட இவ்ளோ தெரிஞ்சிருக்காதுப்பா" என்றார். பாராட்டுகிற குரல் இல்லை அது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டெக்னிகலர் பிரிண்ட் என்பது சாயத்தை அச்சடிப்பது, அச்சில் கொஞ்சம் கசிந்து மென்மையாகும். நெகட்டிவில் உள்ளது அத்தனையையும் காட்டினால் அன்றைக்கு ஒப்பனைக்காரர் மறைத்துவிட்டதாக நம்பிய விக் ஓரமும் சேர்ந்து தெரியும். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கும். அவர் சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து 1933-ன் 'கிங் காங்' தட்டு வந்தது. அந்தக் குரங்குப் பொம்மையின் உடம்பில் ரோமம் எப்போதும் காற்றடித்த மாதிரி அலைபாய்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்திய வில்லிஸ் ஓ'பிரையன் குழுவின் விரல்பட்ட தடம் அது. நடுக்கத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்லி மென்பொருளிடம் கேட்டால் அதையும் நிறுத்திக் கொடுக்கும். குரங்கு செத்துப்போகும். நல்லவேளை, அதைச் செய்தவர்கள் விரலை விட்டுவைத்தார்கள்.

2012-ன் கடைசியில் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' புளூரேவைப் பற்றித்தான் நான் அதிகம் பேசியிருக்கிறேன், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைப் போட்டுக்காட்டியிருக்கிறேன். டேவிட் லீனின் படம், 1962 டிசம்பரில் லண்டனில் முதல் காட்சி. 65 மி.மீ. நெகட்டிவ், அதாவது நம் சாதாரண 35 மி.மீ.யைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான பரப்பு. முதலில் 222 நிமிடம் ஓடியதைச் சில வாரத்திலேயே இருபது நிமிடம் குறைத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி வெளியிட்டபோது 187 நிமிடமாக வெட்டினார்கள். தியேட்டர்காரருக்கு ஒரு காட்சி கூடுதலாகப் போடலாம், அவ்வளவுதான் காரணம். எல்லா ஊரிலும் ஒரே நியாயம்தான்.

அதை மீட்டெடுத்த கதை இரண்டு தலைமுறைக் கதை. எண்பதுகளின் கடைசியில் ராபர்ட் ஹாரிஸ் என்பவர் கிடங்குகளைத் துழாவி வெட்டுப்பட்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். சில காட்சிகளுக்குப் படம் கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. படம் வந்து கால் நூற்றாண்டு கழித்துப் பீட்டர் ஓ'டூலையும் அலெக் கின்னஸையும் ஆண்டனி க்வினையும் கூப்பிட்டுத் தங்கள் இளவயதுக் குரலுக்குத் தாங்களே டப்பிங் பேசவைத்தார்கள். ஜாக் ஹாக்கின்ஸ் அதற்குள் இறந்துவிட்டிருந்தார், அவருக்குச் சார்லஸ் கிரே குரல் கொடுத்தார். லீன் உயிரோடு இருந்தார், எடிட்டர் ஆன் கோட்ஸும் இருந்தார், உட்கார்ந்து முடித்துக்கொடுத்தார்கள். ஒரு படத்தை மீட்கும்போது அதை எடுத்தவர்கள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பது எங்களுக்குத்தான் தெரியும். நாங்கள் மீட்கிற படங்களில் பெரும்பாலும் கேட்பதற்கு ஆளே இருப்பதில்லை.

இரண்டாவது முறை, சோனி நிறுவனத்தின் குரோவர் கிறிஸ்ப் குழு அசல் நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்து 4கே-யில் வேலை பார்த்தது. அப்போதுதான் முன்பு யாருக்கும் தெரியாத ஒரு காயம் வெளியே வந்தது. நெகட்டிவின் ரசாயனப் பூச்சில் மயிரிழைபோலச் செங்குத்து விரிசல்கள். பாலைவனச் சூட்டில் பிலிம் பட்ட பாடு என்பது அவர்கள் சொன்ன காரணம். தூசி என்றால் பக்கத்துப் பிரேமிலிருந்து நல்ல பகுதியைக் கடன் வாங்கலாம். பக்கத்துப் பிரேமிலும் விரிசல் இருந்தால் யாரிடம் கடன் கேட்பது? அதற்கென்றே புதிதாக வழி தேடவேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் நான் பிள்ளைகளுக்கு நிறுத்திக் காட்டும் இடம் கிணற்றடிக் காட்சி. ஒமர் ஷெரீப் முதல்முறையாக வருகிறார். பிரெடி யங் மிக நீண்ட லென்ஸ் போட்டு எடுத்தது. அடிவானத்தில் கானல் நெளிகிறது. அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி, குண்டூசித்தலை அளவுகூட இல்லை. நடுங்குகிறது, இரண்டாகப் பிரிகிறது, காணாமல் போகிறது, மறுபடி தெரிகிறது. வெகுநேரம் கழித்து அது ஒட்டகமும் மனிதனுமாகிறது. "இந்தப் புள்ளியைத் தூசின்னு எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். "சிரிக்காதீங்க, மெஷினுக்கு இது தூசிதான். நீங்க தூங்கினா எடுத்துடும்" என்பேன். சுற்றியிருக்கும் அசல் தூசி ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்த ஒரு புள்ளியை மட்டும் விட்டுவைத்த கண்கள் யாருடையவோ, அவர்களுக்குக் கும்பிடு.

பிலிம் மணியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பிலிமில் படம் என்பதே வெள்ளி உப்பின் மணிகளால் ஆனது. சுவரிலும் வானத்திலும் மெல்லிய கொதிப்புபோல ஓடிக்கொண்டிருப்பது அதுதான். புளூரே வந்து, பெரிய தட்டை டி.வி.யும் வந்தபிறகு, கடையில் கிரிக்கெட்டையும் மீன்தொட்டி வீடியோவையும் பார்த்து டி.வி. வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு இது குறையாகப்பட்டது. "என்ன சார் புள்ளி புள்ளியா இருக்கு, காசு வாங்குறீங்க, சுத்தம் பண்ணலையா?" என்று என்னிடமே கேட்ட தயாரிப்பாளர்கள் உண்டு. மணியைக் குறைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, ஒரு குமிழைத் திருப்பினால் போதும். திருப்பத் திருப்ப வானம் வழவழவென்று ஆகும். கூடவே கன்னத்து மயிர்த்துளையும் தாடியும் துணியின் நெசவும் போய், மனிதர்கள் மெழுகுப் பொம்மையாக நிற்பார்கள். அமெரிக்காவிலேயே 'பேட்டன்' படத்தின் 2008 புளூரே இப்படி வழித்தெடுத்த முகங்களோடு வந்து ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. பிறகு புதிதாக வேறொன்று போட்டார்கள். நம் ஊரில் இன்னும் வழித்தெடுத்த முகத்தைக் காட்டித்தான் "பளிச்" என்று விளம்பரம் செய்கிறோம். இந்த விஷயத்தில் நான் பல சண்டை போட்டு, சிலவற்றில்தான் ஜெயித்திருக்கிறேன்.

ஒலியிலும் இதே கதை. பழைய ஒலி நெகட்டிவில் சீறல் இருக்கும், படபடப்பு இருக்கும். வடிகட்டினால் சீறலோடு வாள் மோதும் ஓசையின் கூர்மையும் போய்விடும், இரண்டு மரக்கட்டை மோதுகிற மாதிரி கேட்கும். அப்புறம் என்ன செய்வார்கள்? புதிதாக வாள் சத்தத்தைச் சேர்ப்பார்கள், ஐந்து ஸ்பீக்கரிலும் சுழலவிடுவார்கள். அறுபதுகளின் கடற்கரையில் இன்றைய இரும்பு மோதும்.

தமிழ்ப் படங்களுக்கு முறையாக இந்த வேலை வந்தது தாமதமாகத்தான். 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் மறுபடி வந்து ஓடிய ஓட்டம் எல்லோரையும் உசுப்பிவிட்டது. 2014 மார்ச்சில் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. பந்துலு எடுத்த 1965 படம், எம்.ஜி.ஆரும் நம்பியாரும் கடலோரத்தில் வாள்வீசும் அசல் கடற்கொள்ளையர் சாகசம். கார்வார் கடற்கரையின் பாறையும் அலையும் அதில் ஒரு பாத்திரம் மாதிரி. அது வெள்ளி விழா கண்டதும், பழைய படத்தின் உரிமையை வைத்திருந்தவர்கள் எல்லாம் பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேடினார்கள்.

பத்திரம் இருக்கும், நெகட்டிவ் இருக்காது. இந்த ஊர்த் தொழில்முறை அப்படி. படம் எடுக்கப் பணம் கொடுத்த பைனான்சியர் லேப் லெட்டரைக் கையில் வைத்திருப்பார், அவர் சம்மதமில்லாமல் லேப் ஒரு பிரிண்ட்கூட வெளியே விடாது. கடன் தீராமல் நெகட்டிவ் உரிமை கைமாறும், அதை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், ஏரியா உரிமை ஒருவரிடம், வீடியோ உரிமை இன்னொருவரிடம். பிலிம் லேப்கள் ஒவ்வொன்றாக மூடியபோது யாரும் வந்து எடுத்துக்கொள்ளாத கேன்கள் மலைபோலக் கிடந்தன. ஒரு கேனைத் திறந்ததும் காடி வாசனை மூக்கில் ஏறினால் உள்ளே இருப்பதில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அசிட்டேட் பிலிம் அழுகத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம்தான் வெளிவரும். சென்னையின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது சீக்கிரம் தொடங்கும், ஒரு கேனில் தொடங்கினால் பக்கத்துக் கேனுக்கும் பரவும். சுருள் சுருங்கி, நெளிந்து, ஓரம் அலைஅலையாகி, சில சமயம் ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடக்கும். ஒருமுறை ஒரு வாள்வீச்சுப் படத்தின் ஏழாவது ரீலை அப்படிக் கட்டியாகப் பார்த்தேன். நாயகன் கோட்டைச் சுவரேறும் ரீல். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் வெளியூர் பிரிண்ட் ஒன்றிலிருந்து எடுத்தோம். அது ஈஸ்ட்மென்கலர் பிரிண்ட், நீலமும் பச்சையும் வெளுத்துப்போய் படம் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. வண்ணத்தை எவ்வளவு இழுத்துக் கொண்டுவந்தாலும் அந்தப் பத்து நிமிடம் தனியாகத்தான் தெரியும். தட்டின் அட்டையில் அதை ஒரு வரி போடச் சொன்னேன். போடவில்லை.

அதே படத்தில்தான் தீவட்டி விவகாரமும். வண்ணம் சரிசெய்யும் தம்பி கெட்டிக்காரன், விளம்பரப் படங்களில் பழகியவன். காட்டுப் பாதையில் நாலு வீரர்கள் போகும் காட்சியை நல்ல வெளிச்சத்தில், பச்சைப் பசேலென்று கொண்டுவந்து வைத்திருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு பேர் கையிலும் தீவட்டி எரிந்துகொண்டிருந்தது. நட்டநடுப் பகலில் தீவட்டி பிடித்துக்கொண்டு எதிரியைத் தேடுகிறார்கள். அந்தக் காலத்தில் இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து, லேபில் பிரிண்ட் போடும்போது இருட்டாக்கி நீலம் ஏற்றுவார்கள் என்பது அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நெகட்டிவில் அது பகல்தான். இரவு என்பது பிரிண்ட்டில் மட்டும் இருந்தது, பிரிண்ட்டோ வெளுத்துவிட்டது.

எவ்வளவு இருட்டு, எவ்வளவு நீலம்? சாலிகிராமத்தில் இருந்த பழைய லேப் கிரேடர் ஒருவரைக் கூட்டிவந்தோம். வயதானவர், ஒரு கண்ணில் அறுவைசிகிச்சை ஆகியிருந்தது. திரையைப் பார்ப்பதற்கு முன்னால், "கேனுக்குள்ள கார்டு இருந்துதா?" என்று கேட்டார். கேன் மூடியின் உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்த பழுப்புத் தாளை நாங்கள் குப்பை என்று ஓரமாக வைத்திருந்தோம். ஷாட் வாரியாகச் சிவப்புக்கு இத்தனை, பச்சைக்கு இத்தனை, நீலத்துக்கு இத்தனை என்று பிரிண்டர் லைட் எண்கள் பென்சிலில் எழுதியிருந்தன. அவர் விரலை வைத்து வரிசையாகப் படித்தார். காட்டுப் பாதை வந்ததும் எண்கள் சட்டென்று எகிறின. "பாத்தியா தம்பி, இங்கேருந்து ராத்திரி. இந்த ஷாட் வரைக்கும். அடுத்தது விடியக்காலம், அதனால பாதி இறக்கியிருக்கான்." யாரோ ஒருவர் பென்சிலில் எழுதிய கணக்கை வைத்து அந்த இரவைத் திரும்பக் கட்டினோம். வீரர்கள் நிழலுருவமானார்கள், தீவட்டி மட்டும் எரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் கேனுக்குள் கிடக்கும் எந்தத் தாளையும் படம்பிடித்து வைக்காமல் யாரும் நகர்த்துவதில்லை.

ஒட்டு தெரிகிற இடங்களை என்ன செய்வது என்பது தீராத வழக்கு. 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தில் இண்டியானா ஜோன்ஸும் நாகப்பாம்பும் நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில் நடுவே ஒரு கண்ணாடி இருந்தது. அதில் பாம்பின் பிம்பம் தெரியும். 1981-லிருந்து எல்லோரும் பார்த்துச் சிரித்ததை 2003 டி.வி.டி.யில் அழித்துவிட்டார்கள். இயக்குநர் இருக்கிறார், அவர் படம், அவர் முடிவு. ஆனால் இயக்குநர் இல்லாத படத்தில் நான் யார் அழிப்பதற்கு? ஒரு தயாரிப்பாளரின் மகன், அப்பா படத்தில் மாயக்காரன் ஆகாயத்தில் பறக்கும்போது தெரியும் கம்பியை எடுக்கச் சொன்னார். நான் இழுத்தடித்தேன். தியேட்டர் பிரிண்ட்டில் அந்தக் கம்பி தெரிந்ததா என்று நாலைந்து பழைய ஆபரேட்டர்களிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. அன்றைய பிரிண்ட்டின் மங்கலில் தெரிந்திருக்காது, இன்றைய ஸ்கேனில்தான் வெளியே வந்திருக்கிறது என்று எனக்குப்பட்டது. அன்றைக்குத் தெரியாததை இன்றைக்கும் தெரியாமல் வைப்பதில் தப்பில்லை என்று எடுத்தேன். கேமரா கேட்டில் முடி சிக்கி, படத்தின் கீழோரத்தில் புழுவாக நெளிகிற ஷாட் வந்தால் தொடமாட்டேன். அது முதல் நாள் முதல் காட்சியிலிருந்து எல்லா ஊரிலும் தெரிந்தது. இதில் என்னோடு ஒத்துப்போகிறவர்கள் எங்கள் கூடத்திலேயே பாதிப் பேர்தான்.

ஒத்துக்கொள்ளவே முடியாத ஒன்று, சதுரப் படத்தை அகலமாக்குவது. தமிழில் சினிமாஸ்கோப் 1973-ல் 'ராஜராஜ சோழ'னில்தான் வந்தது. அதற்கு முந்தைய படம் எல்லாம் ஏறக்குறையச் சதுரம். இன்றைய டி.வி.யை நிறைக்கவேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால், கத்திச் சண்டையில் முதலில் போவது கால். வாள்வீச்சே காலில்தான் இருக்கிறது, எந்த ஸ்டண்ட் மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி தூசியை எடுப்பதோடு நிற்பதில்லை. மங்கலான முகத்துக்கு இமைமயிரை வரைந்து தருகிறது. தூரத்தில் நிற்கும் படைவீரர்கள் ஐம்பது பேருக்கும் ஒரே மூக்கு. தட்டுக்கும் மவுசு குறைந்துவிட்டது, நல்ல தமிழ்ப் படத்துக்கு ஒழுங்கான புளூரே என்பது அபூர்வம். வேலை இப்போது பெரும்பாலும் ஓ.டி.டி.க்குத்தான் போகிறது.

போன படத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 4கே-யில் ஸ்கேன் செய்தால் ஒரு பிரேமே சுமார் 50 எம்.பி. இரண்டரை மணி நேரப் படம் 2,16,000 பிரேம், பத்து டெராபைட்டைத் தாண்டும். சுத்தம் செய்த படத்தைக் கொடுத்தாயிற்று, ஓ.டி.டி.யும் வாங்கியாயிற்று. உரிமையாளர் போன் செய்தார். "அந்தப் பழைய ஸ்கேன் எதுக்கு சார் சும்மா கெடக்கு? அழிச்சிட்டு அதே டிரைவ்ல அடுத்த படத்தைப் போட்டுடுங்க." நெகட்டிவ் இனி இன்னொரு முறை ஸ்கேனரில் ஏறாது, அவ்வளவு நைந்துவிட்டது, தொடாத மூலம் என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான் என்று விளக்கினேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. "சரி சார், அழிச்சிடறேன். அழிக்கச் சொல்லி உங்க லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு அனுப்புங்க" என்றேன். சாயங்காலம் கடிதம் வரவில்லை. பையனிடம் புது டிரைவ் இரண்டு கொடுத்தனுப்பியிருந்தார், கூடவே பில்லையும், என் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லி.